ஒரே இசை, இரண்டு முறை

நேயர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். வார நாளில் அலுவலகம். வாரத்தில் ஒரு மாலை மட்டும் அவள் ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை, பாடப் போவாள். போன குளிர்காலத்தில் அந்தக் குழு ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் பி மைனர் மாஸை முழுவதுமாகப் பாடியது. பாடியவர்கள் ஏறக்குறைய 60 பேர். பள்ளிக்கூட ஆசிரியர், மருந்துக்கடை நடத்துபவர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் என்று எல்லாரும் வேறு தொழில் செய்பவர்கள். வாத்தியக் குழுவும் தனிக்குரல் பாடகர்களும் மட்டும் சம்பளம் பேசி அழைக்கப்பட்ட கலைஞர்கள். ஜெர்மன் ஊர்களில் இது பழகிப்போன ஏற்பாடு. அந்த மாலையின் ஒலிப்பதிவை எனக்கு அனுப்பிவிட்டு, “மாமா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடாதீங்க. எது நல்லா இருக்கு, எது இல்லைன்னு சொல்லுங்க” என்று கேட்டாள்.

மூன்று வாரம் அதையேதான் கேட்டேன். அவளுக்கு எழுதிய பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப்போகிறேன்.

மாஸ் என்பது திருப்பலி. நம் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறுதோறும் பாடுகிறோமே, “ஆண்டவரே இரக்கமாயிரும்”, “உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை”, விசுவாச அறிக்கை, “தூயவர்”, “உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே”, இந்த ஐந்தும்தான். லத்தீனில் கீரியே, க்ளோரியா, க்ரேதோ, சாங்க்துஸ், ஆக்னுஸ் தேயி. பாக் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையிலும் அவர் காலத்தில் லத்தீன் முழுக்க மறைந்துவிடவில்லை. கீரியேவும் க்ளோரியாவும் லத்தீனில் பாடப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

இந்த மாஸை அவர் ஒரே மூச்சில் எழுதவில்லை. சாங்க்துஸ் 1724ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்காக லைப்சிக்கில் எழுதியது. கீரியேவையும் க்ளோரியாவையும் 1733 ஜூலையில் டிரெஸ்டன் அரசவைக்குக் கொடுத்தார், கூடவே அவைப் பட்டம் ஒன்று வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு. பட்டம் 1736இல்தான் கிடைத்தது. மீதியை 1748, 1749இல், கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த நாட்களில், பழைய பாட்டுகளை எடுத்துப் புது வார்த்தைக்கு இசைவாகத் திருத்தியும் புதிதாக எழுதியும் சேர்த்தார். 1750 ஜூலை 28 அன்று இறந்துபோனார். முழு மாஸும் அவர் உயிரோடு இருந்தபோது ஒரே நிகழ்ச்சியாகப் பாடப்பட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1786இல் ஹாம்பர்க்கில் க்ரேதோ பகுதியை நடத்தினார். மொத்த மாஸையும் உலகம் கேட்க 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

ஆகவே, “பாக் அன்று இப்படித்தான் நடத்தினார்” என்று காட்ட ஒரு முழு நிகழ்ச்சி நம்மிடம் இல்லை. பாடுகிற ஒவ்வொரு குழுவும் முதல் தடவையாகத்தான் பாடுகிறது என்று எனக்குத் தோன்றும். நேரடிப் பதிவுகளை நான் தேடித் தேடிக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரடிப் பதிவு என்று உறையில் அச்சடித்திருந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். பல இசைத்தட்டுகளில் நேரடி என்றால், இரண்டு மூன்று மாலைகள் பாடியதைப் பதிவு செய்து, முன்தின ஒத்திகையையும் பதிவு செய்து, கடைசியாக ஆட்கள் போனபிறகு பிசகிய இடங்களை மட்டும் திரும்பப் பாடவைத்து, எல்லாவற்றையும் ஒட்டியது என்று பொருள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது ஒரு முறை. ஆனால் கேட்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நண்பர் சொன்ன வழி எளிமையானது: பாட்டைக் கேட்காதே, பாட்டு நின்ற பிறகு என்ன கேட்கிறது என்று பார். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பகுதியின் கடைசிச் சுரம் அடங்குவதைக் கவனித்தால், ஆட்கள் நிறைந்த கட்டடத்தின் அடங்கலும் வெறும் கட்டடத்தின் அடங்கலும் வேறு வேறு என்பது பிடிபடும். வெறும் தேவாலயத்தில் ஒலி வளைந்து வளைந்து போய் மேலே தொங்கும். ஆள் இருந்தால் உடம்பும் துணியும் அதைக் குடித்துவிடும். ஒரே பாட்டுக்குள் இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் அங்கே ஒட்டு இருக்கிறது.

என் அக்கா மகள் அனுப்பியது ஒரே மாலை, ஒட்டு கிடையாது. அதோடு அவள் ஒத்திகையில் கைபேசியில் எடுத்த ஒரு துண்டையும் அனுப்பியிருந்தாள். இரண்டையும் ஒப்பிட்டால் வேறு ஊரோ என்று நினைப்பீர்கள். ஒத்திகையில் ஃபியூக், அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் பகுதிகள், எல்லாம் கஞ்சியாகக் குழைந்து கிடக்கிறது. நிகழ்ச்சியன்று ஒவ்வொரு குரலும் தனித்தனியே நிற்கிறது. காரணம் குளிர்காலக் கோட்டுகள். சூடு போதாத கல் கட்டடத்தில் நூற்றுக்கணக்கான பேர் கனத்த கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் எவ்வளவு நல்ல மைக் வைத்தாலும் அந்தக் கோட்டுகள் செய்த உதவியை அவரால் செய்திருக்க முடியாது.

சரி, பாட்டுக்கு வருவோம்.

மாஸ் தொடங்குவது வாத்திய முன்னுரை எதுவும் இல்லாமல். பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோ இரண்டு, ஆல்டோ, ஆண்களின் உயர்ந்த குரலான டெனர், தாழ்ந்த குரலான பேஸ் என்று ஐந்து குரல் வரிசையும் எல்லா வாத்தியமும் ஒரே கணத்தில் “கீரியே” என்று கூப்பிட வேண்டும். நாலே நாலு தாளக்கட்டு, மெதுவாக, மூன்று முறை கீரியே. அந்த முதல் ‘க’ இருக்கிறதே, அது கொடூரமான எழுத்து. 60 பேர் மேடையேறி, தொண்டை சூடாகாமல், நெஞ்சு படபடக்க நிற்கிறபோது, 60 ‘க’வும் ஒன்றாக விழ வேண்டும். இந்தப் பதிவில் விழவில்லை. ஒரு பிடி சோளத்தைத் தரையில் போட்டதுபோல் கரகரவென்று சிதறுகிறது. ஆனால் இரண்டாவது ‘க’ கிட்டத்தட்டச் சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது ஒரே அடி. எட்டுப் பத்து நொடிக்குள் 60 பேர் ஒருவரை ஒருவர் கேட்டு ஒன்றாகிவிட்டார்கள்; அது நம் காதுக்கு முன்னாலேயே நடக்கிறது. நானும் கோயில் கொயரில் பல வருஷம் பேஸ் பாடியவன் என்பதால் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்டூடியோவில் என்றால் “இன்னொரு முறை” என்று சொல்லி முதல் ‘க’வைத் தூக்கி எறிந்திருப்பார்கள். எறிந்திருந்தால் மூன்றாவது ‘க’வின் மதிப்பும் தெரியாமல் போயிருக்கும்.

அதன்பிறகு வாத்தியங்கள் நெடுநேரம் தனியாக வாசிக்கும். குழு நின்றுகொண்டே காத்திருக்கும். அப்புறம் டெனர்கள் மட்டும் தனியாக ஃபியூக்கைத் தொடங்க வேண்டும். எந்த ஊர்க் கொயரிலும் டெனர்தான் ஆள் குறைவு; இங்கேயும் ஏழே பேர். அவர்கள் நுழைந்த விதத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். கத்தவில்லை, பயப்படவும் இல்லை.

எத்தனை பேர் பாட வேண்டும் என்பது பெரிய வழக்கு. 1730இல் லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய மனுவில் பாக், ஒரு குரலுக்கு மூன்று பேராவது வேண்டும், நான்கு பேர் இருந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார். 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்க இசையாளர், பாக் தன் நிகழ்ச்சிகளில் ஒரு குரல் வரிசைக்கு ஒரே ஒரு பாடகரைத்தான் பயன்படுத்தினார் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே இந்த மாஸை அப்படிப் பாடவைத்துப் பதிவும் செய்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. மறுபக்கம் கார்ல் ரிக்டரின் ம்யூனிக் பாக் பாடகர் குழுவைக் கேட்டால் மலையே எழுந்து வருவது போலிருக்கும். நிக்கோலாஸ் ஹார்னோன்கோர்ட் 1968இல் பழங்கால வாத்தியங்களோடு பதிவு செய்தபோது ஒலியே மெலிந்து தெளிந்தது. இவற்றில் எது சரி என்று என்னைக் கேட்டால் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: உள்குரல்கள் கேட்கின்றனவா? சோப்ரானோ எந்தப் பதிவிலும் கேட்கும். ஆல்டோவும் இரண்டாவது சோப்ரானோவும் எங்கே போகிறார்கள் என்று பின்தொடர முடிகிறதா? முடிந்தால் 8 பேர் பாடினாலும் 80 பேர் பாடினாலும் எனக்குச் சம்மதம். இந்த 60 பேரில் ஆல்டோக்கள் நன்றாகவே கேட்கிறார்கள். என் அக்கா மகள் அங்கே நிற்கிறாள் என்பதற்காகச் சொல்லவில்லை. க்ளோரியாவில் “பூமியிலே சமாதானம்” என்று லத்தீனில் வரும் இடத்தை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது ஹார்ன்.

க்ளோரியாவின் கடைசிக்கு முந்தைய பகுதி “க்வோனியாம்”. “நீர் ஒருவரே தூயவர்” என்று ஒரே ஒரு பேஸ் குரல் பாடும். துணைக்குப் பாக் வைத்திருக்கும் வாத்தியங்கள் விசித்திரமானவை: தாழ்ந்த சுரத்தில் ஊதும் மரக்குழலான பாசூன் இரண்டு, அடியில் தாங்கும் பக்கவாத்தியம், அப்புறம் ஒரு ஹார்ன். வேட்டைக்குப் போகிறவர்கள் ஊதின வளைந்த கொம்பின் வழிவந்தது. மொத்த மாஸிலும் ஹார்னுக்கு வேலை இந்த ஒரு பாட்டில்தான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அந்த ஹார்ன்காரரின் மாலையை எண்ணிப் பாருங்கள். கீரியே முழுவதும், க்ளோரியாவில் பெரும்பகுதியும், ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அவர் ஒரு சுரமும் ஊதாமல் உட்கார்ந்திருக்கிறார். பித்தளைக் குழாய் குளிர்ந்து போகும். குளிர்ந்தால் சுருதி இறங்கும். உதடும் குளிர்ந்து போகும். பழங்கால ஹார்னில் வால்வு இல்லை, விரலுக்குப் பெரிய வேலை இல்லை. சுரத்தை உதட்டின் இறுக்கத்தால்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு உதட்டில் மயிரிழை வித்தியாசம்தான். அப்படிப்பட்டவர் சட்டென்று எல்லார் முன்னாலும் வாய் வைத்து, தொடங்கின மாத்திரத்தில் கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குத் தாவ வேண்டும்.

இந்தப் பதிவில் அவர் தாவினார், சுரம் உடைந்தது. ஒரு விக்கல் மாதிரி. மேல் சுரத்துக்குப் பக்கத்தில் எதையோ தொட்டுவிட்டு அரை நொடியில் சரியான இடத்துக்கு வருகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு முகம் சுருங்கியது. அடுத்த தாவலுக்கு முன்னால் ஹெட்போனில் ஒரு சின்ன ஓசை வரும். அவர் மூச்சை மூக்கால் இழுக்கிற ஓசை. பிறகு தாவுகிறார், இந்த முறை நேராக மேலே போய் நிற்கிறது. அதற்கப்புறம் பாட்டு முடியும்வரை ஒரு பிசகு இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது பேஸ் பாடகர் செய்தது. ஹார்ன் உடைந்ததும் பல பாடகர்கள் வேகத்தைக் கூட்டி அந்த இடத்தைக் கடந்து ஓடிவிடுவார்கள். இவர் தன் முதல் சொல்லை ஒரு இழை நிதானமாகவே எடுக்கிறார். இரண்டு பாசூன்களும் அவரோடு சேர்ந்து நடக்கிறார்கள். ஹார்ன்காரருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. இதை யாரும் ஒத்திகையில் பேசி வைத்திருக்க முடியாது.

ஹார்ன் உடைந்ததற்காக இந்தப் பதிவைக் கீழே தள்ளுகிறவர்கள் இருப்பார்கள். “அந்த இடத்தை மட்டும் ஒத்திகைப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டிடலாமான்னு கமிட்டியில கேட்டாங்க மாமா” என்று அவளே எழுதியிருந்தாள். வேண்டவே வேண்டாம் என்று பதில் போட்டேன். வெட்டினால் அரை நொடிப் பிழை போகும். கூடவே அந்த மூச்சும், பேஸ் பாடகரின் நிதானமும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

க்வோனியாம் முடிந்த கையோடு, மூச்சு விடக்கூட இடமில்லாமல், மூன்று டிரம்பெட்டும் டிம்பனி முரசுகளும் முழுக் குழுவும் “கும் சாங்க்தோ ஸ்பிரிது” என்று பாய்வார்கள். இந்த மாலையில் நடத்துநர் கொஞ்சம் அதிகமாகவே பாயவிட்டார். முதல் பக்கம் சிலிர்ப்பாக இருக்கிறது. ஃபியூக் வந்ததும் பேஸ்கள் ஓடும் சுரங்களில் வார்த்தையைத் தொலைத்துவிட்டு வெறும் ‘ஹ ஹ ஹ’ என்று பாடுகிறார்கள். இதை நான் மன்னிக்கவில்லை. ஹார்ன் உடைந்தது குளிரும் உதடும் செய்தது. இந்த வேகம் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. தன் குழுவின் தொண்டை எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரடிப் பதிவில் எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்னொரு குறை ஒலிப்பதிவாளருடையது. க்ளோரியாவில் “லவுதாமுஸ் தே” என்ற பகுதி இரண்டாவது சோப்ரானோவுக்கும் தனி வயலினுக்கும் சரிசமமான உரையாடல். வயலின் ஒன்று சொல்லும், குரல் அதற்குப் பதில் சொல்லும். இங்கே பாடகியின் வாய்க்கு முன்னால் ஒரு மைக் இருந்திருக்கிறது, வயலினுக்கு இல்லை. அதனால் பாடகி நம் தோளருகே நின்று பாடுகிறார். வயலின் பக்கத்துத் தெருவிலிருந்து வாசிக்கிறது. தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டும் சமமாகக் கேட்டிருக்கும். பதிவு அந்த உரையாடலைக் கெடுத்துவிட்டது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. லத்தீனை இத்தாலியர் ஒரு மாதிரி, ஜெர்மானியர் ஒரு மாதிரி சொல்வார்கள். சமாதானம் என்ற சொல் ரோம் வழக்கில் ‘பாச்செம்’, ஜெர்மன் வழக்கில் ‘பாத்செம்’. இவர்கள் ஜெர்மன் வழக்கில் பாடுகிறார்கள். பாக் காதில் விழுந்திருக்கக்கூடிய லத்தீன் அதுதான். அந்த ‘த்ஸ’ ஒலி ஃபியூக்கில் குரல் குரலாக நுழையும்போது சின்னச் சின்ன ஆணி அடித்ததுபோல் இடத்தைக் குறித்துக் காட்டும்.

க்ரேதோவின் நடுவில் இருக்கிறது “க்ருசிஃபிக்சுஸ்”. அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்ற வரி. 1714இல், வைமார் நகரில் இருந்தபோது எழுதிய ஒரு கந்தாத்தாவிலிருந்து, அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த பல பகுதிப் பாட்டிலிருந்து, பாக் இந்த இசையை எடுத்தார். அந்த ஜெர்மன் பாட்டின் சொற்கள் அழுகை, புலம்பல், கவலை, தயக்கம். அடியில் பேஸ் வாத்தியங்கள் ஒரே வரியை அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்கி இறங்கி வாசிக்கும். திரும்பத் திரும்ப, மொத்தம் 13 முறை. பழைய பாட்டில் நீளமாக நின்ற அந்த அடிச் சுரங்களைப் பாக் இங்கே இரண்டிரண்டாக உடைத்து, துடிப்பதுபோல் ஆக்கியிருக்கிறார். 13ஆவது முறை மேல் வாத்தியங்கள் எல்லாம் விலகிவிடும். நான்கு குரலும் தாழ்ந்து, “அடக்கம் செய்யப்பட்டார்” என்ற சொல்லோடு, இத்தனை நேரம் இல்லாத ஜி மேஜரில் போய் அமரும். கல்லறை மூடப்பட்டது என்று நினைக்கும்போது அந்த மேஜர் சுரக்கட்டு மட்டும் மிருதுவாக இருக்கும்.

அடுத்த பகுதி “எத் ரெசுர்ரெக்சித்”, உயிர்த்தெழுந்தார். முன்னுரை இல்லாமல் குழுவும் டிரம்பெட்டும் ஒன்றாக வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் மௌனம் விட வேண்டும் என்று பாக் எழுதிவைக்கவில்லை. ஸ்டூடியோ இசைத்தட்டில் அந்த இடைவெளியைப் பொறியாளர் கணினியில் வைப்பார். நேரடியாகப் பாடும்போது நடத்துநர் கையைத் தூக்கியபடி நின்று, நெஞ்சால் அளக்க வேண்டும். இங்கே அவர் நெடுநேரம் நிற்கிறார். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 9 நொடி. அதில் ஆறாவது நொடியில் எங்கோ பின்வரிசையில் யாரோ ஒருவர் இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் ஒரு சின்ன இருமல் விடுகிறார். அந்த ஒரு இருமலில்தான் கட்டடம் எவ்வளவு பெரியது, அதில் எத்தனை பேர் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு உறைத்தது. அதையும் அழிக்கவேண்டாம் என்று எழுதினேன்.

க்ரேதோவின் முடிவில் “கோன்ஃபித்தேயோர்”. குரல்களோடு அடியில் ஆர்கனும் செல்லோவும் மட்டும். பாவமன்னிப்புக்கான ஒரே திருமுழுக்கை ஏற்றுக்கொள்கிறேன் என்று நடந்துகொண்டிருந்த பாட்டு, “மரித்தோர் உயிர்த்தெழுவதை எதிர்பார்க்கிறேன்” என்ற இடத்தில் திடீரென்று வேகம் குறைந்து, சுருதி எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி இருட்டுக்குள் நுழையும். பாக்கின் கையெழுத்துப் பிரதியில் இந்தப் பகுதியில் அடித்தல் திருத்தல் நிறைய. அவரே வழி தேடித் தேடிப் போயிருக்கிறார். இந்தக் குழு அங்கே தடுமாறியது. சோப்ரானோக்கள் ஆர்கனைவிட லேசாக இறங்கிவிட்டார்கள், இரண்டு மூன்று தாளக்கட்டு நீளத்துக்கு. கேட்க வலிக்கத்தான் செய்கிறது. ஒத்திகையில் அதிக நேரம் இதற்குத்தான் போனது என்று அவள் சொன்னாள். அதை நான் நம்புகிறேன், ஏனென்றால் யாரும் பாடுவதை நிறுத்தவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. இறங்கிய சுருதியிலும் வாய் நிறையப் பாடி வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

உலகப் புகழ்பெற்ற நேரடிப் பதிவுகள் பல இருக்கின்றன. 1950இல், பாக் இறந்து 200ஆவது ஆண்டில், கரயான் வியன்னாவில் நடத்தியதில் கேத்லீன் ஃபெரியர் பாடுகிறார். ஒலி பழையது, மங்கல், ஆனாலும் அந்த ஆல்டோ குரல் வரும்போது மங்கலை மறந்துவிடுவோம். கார்ல் ரிக்டர் 1969இல் டோக்கியோவில் நடத்தியது இருக்கிறது. ஒலிப்பதிவையே நம்பாதவர் என்று பெயர் எடுத்த செலிபிடாக்கே 1990இல் ம்யூனிக்கில் நடத்தியதும் அவர் மறைவுக்குப் பிறகு இசைத்தட்டாக வந்தது. ஃபிரான்ஸ் ப்ரூகன் 1989இல் ஒரு முறை, 2009இல் வார்சாவில் ஒரு முறை என்று இரண்டு நேரடிப் பதிவு விட்டுப்போயிருக்கிறார். ஒரே மனிதர் 20 வருஷ இடைவெளியில் அதே மாஸுக்குத் திரும்பி வருவதைக் கேட்க முடிவது பெரிய பேறு. 2000 ஜூலை 28 அன்று, பாக்கின் 250ஆவது நினைவுநாளில், லைப்சிக் தோமாஸ் தேவாலயத்தில் கியோர்க் கிறிஸ்டோஃப் பில்லர் நடத்தியது காணொளியாகவே கிடைக்கிறது. பாக் வேலை பார்த்த கோயில், அவர் நடத்திய அதே சிறுவர் பாடகர் குழுவின் இன்றைய தலைமுறை, அதே கட்டடத்தில் அவருடைய கல்லறை. இவற்றையெல்லாம் கேளுங்கள். ஆனால் ஊர்க் கொயரின் பதிவை இவற்றோடு வைத்து மதிப்பெண் போடாதீர்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பதிவைத் தன்னோடு தானே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி மாஸுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

க்ளோரியாவின் நடுவில் “க்ராத்சியாஸ் ஆகிமுஸ் திபி” என்று ஒரு பாட்டு. உம்முடைய மேலான மாட்சிக்காக உமக்கு நன்றி கூறுகிறோம் என்று பொருள். 1731இல் லைப்சிக் நகர மன்றத்தின் விழாவுக்காகப் பாக் எழுதிய கந்தாத்தாவில் இந்த இசை முதலில் இருந்தது. அங்கேயும் ஜெர்மனில் அதே வார்த்தை: இறைவா, உமக்கு நன்றி. பேஸ் குரல்கள் தொடங்கும், பிறகு டெனர், ஆல்டோ, சோப்ரானோ என்று படி ஏறும். எல்லாக் குரலும் வந்து இனி இடமே இல்லை என்று தோன்றும்போது அதற்கும் மேலே டிரம்பெட்டுகள் நுழையும்.

மாஸ் முடிவில், கடைசி வார்த்தையான “தோனா நோபிஸ் பாத்செம்”, எங்களுக்குச் சமாதானம் தாரும் என்பதற்குப் பாக் புது இசை எழுதவில்லை. க்ராத்சியாஸின் அதே இசையை எடுத்து வைத்தார். முன்பு இரண்டு சொற்றொடருக்கு இருந்த இரண்டு மெட்டுக்கும் இப்போது இருப்பது சமாதானம் என்கிற ஒரே வேண்டுதல்.

ஸ்டூடியோவில் இந்த இரண்டையும் ஒரே பிற்பகலில் அடுத்தடுத்துப் பாடவைத்துப் பதிவு செய்துவிடலாம். நேரடியாகப் பாடும்போது அப்படி முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பாட்டு நடுவில் கிடக்கிறது. க்ருசிஃபிக்சுஸ் கிடக்கிறது, தடுமாறிய கோன்ஃபித்தேயோர் கிடக்கிறது, ஆறு குரல் சாங்க்துஸும், எட்டுக் குரல் ஓசான்னா இரண்டு தரமும் கிடக்கின்றன. அதற்குப் பிறகு ஆல்டோ தனியாகப் பாடும் ஆக்னுஸ் தேயி. அது முடிந்த மௌனத்தில், கால் வலிக்க நிற்கிற அதே மனிதர்கள் அதே சுரங்களை மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே எந்த நேரடிப் பதிவு கையில் கிடைத்தாலும் நான் முதலில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன்.

இவர்களுடைய க்ராத்சியாஸ் அழகாக இருக்கிறது. கவனமாக, சுத்தமாக, நோட்டைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்பது தெரியும். டிரம்பெட் புத்தம் புதிதாக மின்னுகிறது. தோனா நோபிஸில் பேஸ்களின் குரல் கரகரத்திருக்கிறது. சோப்ரானோக்களுக்கு மேல் சுரத்தில் காற்றுக் கலந்திருக்கிறது. முதல் டிரம்பெட் ஒரு சுரத்தை எட்டிப் பிடிக்கிறது, பழையபடி மின்னவில்லை. ஆனால் இந்த முறை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுகிறார்கள் என்று எனக்குக் கேட்கிறது. ஒரு குரல் நுழையும்போது மற்ற மூன்றும் தானாகவே சற்று விலகி இடம் விடுகின்றன. க்ராத்சியாஸில் அது நடக்கவில்லை. முதல் ‘க’வில் சிதறிய அதே 60 பேர்தான். “பாத்செம்” என்ற கடைசிச் சொல்லின் ‘ம்’மில் எல்லா உதடும் ஒன்றாக மூடுகிறது.

“அன்னைக்கு அந்த இடத்துல எனக்கு நோட்டே தெரியலை மாமா, பக்கத்துல நின்னவங்க மூச்சைக் கேட்டுத்தான் பாடினேன்” என்று அவள் பிறகு போனில் சொன்னாள்.

அந்தக் குழுவினர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து இப்போது ஒலிபரப்பச் சொல்லியிருக்கிறேன். முதலில் வருவது க்ராத்சியாஸ். பேஸ் குரல்களில் தொடங்கும்.